பிரஷர் இருக்கிறவர்கள் பாரம் தூக்கலாமா? அறுபது தாண்டியவர்களின் இரத்தக்குழாய்களுக்கான தசைப்பயிற்சி: முழுமையான வழிகாட்டி

கொழும்பில் நம் வீடுகளில் ஒருவருக்குப் பிரஷர் என்று தெரியவந்த நாளிலிருந்து அவர் கையிலிருந்து முதலில் வாங்கப்படுவது மரக்கறிப் பை. “விடுங்கோ அப்பா, நான் தூக்குறன்” என்பாள் மகள். “அம்மா, அரிசிப் பையைத் தொடாதேங்கோ” என்று கனடாவிலிருந்து வீடியோ கோலில் மகன் சொல்வான். எல்லாம் அன்பினால்தான். ஆனால் நாலைந்து வருடம் இப்படியே போனால் கதிரையின் கைப்பிடியை ஊன்றாமல் எழும்ப முடியாத நிலை வரும். அதற்குள் சீனியும் கூடியிருக்கும், குளிசையும் கூடியிருக்கும்.

பாரம் தூக்கினால் பிரஷர் ஏறும் என்ற பயம் பாதி சரி. எந்தப் பாரம், எப்படித் தூக்கினால் ஏறும் என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றப் பாதி விலகிவிடும். வீட்டில் உள்ள கதிரை, சுவர், தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றை வைத்தே இதைத் தொடங்கலாம். தேவையானதை முதலிலிருந்து சொல்கிறேன்.

பயம் எங்கிருந்து வந்தது

1985இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து உடற்கட்டு வீரர்களின் கை நாடிக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அவர்கள் பாரம் தள்ளிக்கொண்டிருக்கும்போதே இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். இரண்டு கால்களாலும் மிகப் பெரிய பாரத்தைத் தள்ளியபோது சராசரி 320/250 வரை போனது. கேட்டால் எவருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். ஆனால் அவர்கள் செய்தது என்ன என்று பாருங்கள். இனி ஒரு தடவையும் முடியாது என்ற கட்டம்வரை தள்ளினார்கள், அதுவும் மூச்சை அடக்கிக்கொண்டு. இறுகிய தசை உள்ளேயிருக்கும் குழாய்களை நசுக்குகிறது. அடக்கிய மூச்சு நெஞ்சறைக்குள் அழுத்தத்தைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்த எண். பாரத்தை விட்டதும் சில நொடிகளில் அது இறங்கிவிட்டது.

2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். ஆரோக்கியமான இளைஞர்கள் நான்கு மாதம் கடுமையாகப் பாரம் தூக்கியபோது அவர்களின் கழுத்து நாடியின் நெகிழ்ச்சி குறைந்தது. பயிற்சியை நிறுத்தியபின் பழைய நிலைக்குத் திரும்பியது. இந்தச் செய்திதான் “பாரம் தூக்கினால் குழாய் விறைக்கும்” என்று பரவியது. 2013இல் இப்படியான ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, கடும் பயிற்சி செய்த இளையவர்களிடம்தான் அந்த விறைப்புத் தெரிந்தது. நடுத்தர வயதினரிடம் தெரியவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 270 ஆய்வுகளை ஒன்றாக அலசிய 2023ஆம் ஆண்டின் பகுப்பாய்வில், ஓய்வு நிலையில் பார்க்கும் மேல் அழுத்தத்தை (பிரஷர் எண் இரண்டில் முதலாவதை) தசைப்பயிற்சி சராசரியாக 4.5 அளவு குறைத்தது. நடை, சைக்கிள் போன்ற பயிற்சிகளும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைத்தன. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 6 அளவு குறைந்தது. நடையை மட்டும் நம்பியிருக்கும் நம் பெரியவர்கள் கிடைக்கக்கூடிய பயனில் ஒரு பகுதியைக் கைவிடுகிறார்கள் என்பது இதிலிருந்து எனக்குப் புரிவது.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

பெருநாடியின் சுவரில் இழுபடும் தன்மையைத் தரும் நார்கள் உண்டு. இளமையில் உருவாகும் அவை தேய்ந்தபின் பெரிதாகப் புதிதாக உண்டாவதில்லை. அவற்றின் இடத்தைக் கடினமான நார்கள் பிடிக்கின்றன; சுண்ணாம்பும் படிகிறது. வெயிலில் பல வருடம் கிடந்த தோட்டத்து ரப்பர் குழாய்போல் அது விறைத்துவிடும். அப்போது இதயம் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் வரும் தாக்கத்தைக் குழாய் விரிந்து வாங்கிக்கொள்வதில்லை. அதனால்தான் வயது போனவர்களுக்கு மேல் எண் ஏறியும் கீழ் எண் இறங்கியும் 160/70 என்று வருகிறது. அந்தத் தாக்கம் மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்குழாய்கள்வரை போய் அவற்றைச் சேதப்படுத்துகிறது.

குழாயின் உட்புறம் ஒற்றை அடுக்குக் கலங்களால் ஆனது. இரத்தம் அதை உரசிக்கொண்டு ஓடும்போது அந்தக் கலங்கள் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவை வெளியிடும். அது சுவரிலுள்ள தசையைத் தளரச் செய்து குழாயை அகலமாக்கும். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1998இல் ரொபர்ட் ஃபர்ச்கொட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வயதும் சீனி வருத்தமும் புகைத்தலும் இந்த வாயுவின் அளவைக் குறைக்கின்றன.

தசைப்பயிற்சி வேலை செய்வது இங்கேதான். தசை இறுகும்போது இரத்த ஓட்டம் கணநேரம் தடைப்படும். தளரும்போது இரத்தம் பாய்ந்து வந்து உட்சுவரை உரசும். இறுக்கம், தளர்வு, இறுக்கம், தளர்வு என்று மாறிமாறி நடக்கும்போது அந்தக் கலங்கள் மறுபடி நன்றாக வேலை செய்யப் பழகுகின்றன. இன்னொரு நன்மையும் உண்டு. இன்சுலின் இரத்தத்திலிருந்து அகற்றும் சீனியில் பெரும்பகுதி தசைக்குத்தான் போகிறது. தசை குறைந்தால் சீனி இரத்தத்தில் தங்கும். தங்கிய சீனி குழாய்ச் சுவரின் நார்களில் ஒட்டி அவற்றை மேலும் விறைக்கச் செய்யும். நம் சமூகத்தில் சீனி வருத்தம் இல்லாத குடும்பம் அரிது என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எழுபது வயதுப் பெருநாடியை இந்தப் பயிற்சி இருபது வயதுக்குக் கொண்டுபோகாது. உட்சுவரின் வேலை, ஓய்வு நேரத்துப் பிரஷர், சீனிக் கட்டுப்பாடு, விழாமல் நடக்கும் பலம் ஆகியவற்றில்தான் மாற்றம் தெரியும்.

படி 1: தொடங்கமுதல் டொக்டரிடம் கேட்கவேண்டியவை

அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் உங்கள் முறை வரும்போது டொக்டருக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடம்தான். ஆகவே கேள்வியை முதல் நாளே எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள். “உடற்பயிற்சி செய்யலாமா?” என்று பொதுவாகக் கேட்டால் “நடவுங்கள்” என்ற பதில்தான் வரும். “இரண்டு கிலோ அளவில், மூச்சை அடக்காமல், கிழமைக்கு இரண்டு நாள் தசைப்பயிற்சி செய்யலாமா? என் இதயமும் கண்ணும் அதற்கு இடம்கொடுக்குமா?” என்று கேளுங்கள்.

ஓய்வில் பார்க்கும்போது 180/110க்கு மேல் இருந்தால் தொடங்கவே கூடாது; உடனே டொக்டரைக் காணவேண்டும். 160/100க்கு மேல் என்றால் முதலில் குளிசையால் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். நெஞ்சு நோ அண்மையில் கூடியவர்கள், இதயச் செயலிழப்பு கட்டுப்படாதவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், பெருநாடி வீங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் தாமாக எதையும் ஆரம்பிக்கக்கூடாது. சீனியால் விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்துள்ளன என்று கண் டொக்டர் சொல்லியிருந்தால், முக்கிச் செய்யும் வேலை அங்கே இரத்தம் கசிய வைக்கலாம். அவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பைபாஸ் அல்லது ஸ்டென்ட் செய்தவர்களுக்கு இந்தப் பயிற்சி பொதுவாக நல்லதுதான். ஆனால் எப்போது தொடங்குவது என்பதைச் சிகிச்சை செய்த பிரிவும் அங்குள்ள பிசியோதெரபிஸ்டும்தான் சொல்லவேண்டும்.

படி 2: இன்றைய நிலையை அளந்து எழுதுங்கள்

பிரஷர் பார்க்கும் மெஷின் பல வீடுகளில் இருக்கிறது. சரியாகப் பார்ப்பவர்கள் குறைவு. தேநீர், கோப்பி, சிகரெட் எல்லாவற்றிலிருந்தும் அரை மணி நேரம் விலகியிருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் நிலத்தில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். மெஷினின் பட்டி சட்டைக் கைக்கு மேல் வரக்கூடாது. வெறும் கையில், நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் எடுக்கும் அளவு 135/85க்கு மேலேயே தொடர்ந்தால் அந்தக் குறிப்பைக் கிளினிக்கில் காட்டுங்கள்.

பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், நிற்கும்போது பிரஷர் விழுகிறது என்று அர்த்தம். பிரசோசின் என்ற பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கும் சிறுநீர் கூட்டும் குளிசை எடுப்பவர்களுக்கும் இது அடிக்கடி வரும். அப்படியானவர்கள் டொக்டரிடம் சொல்லிவிட்டு, உட்கார்ந்து செய்யும் பயிற்சிகளிலிருந்து தொடங்கவேண்டும்.

பலத்தை அளக்கக் கதிரை போதும். கையை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 நொடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 65 முதல் 69 வயதுவரை ஆண்களுக்கு 12க்கும் பெண்களுக்கு 11க்கும் குறைவாக வந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே. 75 முதல் 79 வயதுக்கு அந்த எல்லை ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 10. கையை ஊன்றாமல் ஒரு தடவையும் எழும்ப முடியவில்லை என்றால் பூச்சியம் என்று எழுதுங்கள். மனம் தளர வேண்டாம். 1990இல் பொஸ்டனில், சராசரியாகத் தொண்ணூறு வயதான பராமரிப்பு இல்ல முதியவர்கள் எட்டு வாரம் தசைப்பயிற்சி செய்தபோது அவர்களின் கால் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது.

படி 3: மூச்சு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால், அது இதுவாக இருக்கட்டும். கஷ்டமான பகுதியில் மூச்சை வெளியே விடுங்கள்; இலகுவான பகுதியில் உள்ளே எடுங்கள். எழும்பும்போது, தள்ளும்போது, தூக்கும்போது வெளியே. உட்காரும்போது, இறக்கும்போது உள்ளே.

இது சொல்ல எளிது, செய்யும்போது மறந்துவிடும். அதற்கு நல்ல வழி சத்தமாக எண்ணுவது. “ஒன்று… இரண்டு… மூன்று…” என்று வாய்விட்டு எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. ஒவ்வொரு எண்ணும் எழும்பும் நேரத்தில் வரட்டும். எண்ண விருப்பமில்லாதவர்கள் தேவாரமோ திக்ரோ ஜெபமோ மெதுவாகச் சொல்லலாம். குரல் அடைபட்டு, சொல் முக்கிமுனகி வருமானால் பாரம் உங்களுக்கு அதிகம், குறையுங்கள்.

கையை இறுக்கிப் பிடிப்பதும் பிரஷரை ஏற்றும். போத்தலையோ ரப்பர் பட்டியையோ விழாத அளவுக்குப் பிடித்தால் போதும். பல்லைக் கடிக்கிறீர்களா, தோளைக் காதுவரை தூக்கி வைத்திருக்கிறீர்களா என்று இடையிடையே கவனியுங்கள். முதல் கிழமை முழுவதும் பாரமே இல்லாமல் மூச்சையும் அசைவையும் மட்டும் பழகினாலும் அது வீணல்ல. மலசலகூடத்தில் முக்குகிறவருக்கும், கட்டிலை இழுத்து நகர்த்துகிறவருக்கும் இதே பழக்கம் உதவும்.

படி 4: இடமும் பொருளும்

மாபிள், டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் கதிரை வழுக்கும். கனமான மரக்கதிரையை எடுத்து அதன் முதுகைச் சுவரோடு முட்ட வையுங்கள். வழுக்காத அடியுள்ள சப்பாத்துப் போடுங்கள். சீனியால் பாதம் மரத்தவர்களுக்கு அது கட்டாயம். சாரம் கட்டுகிறவர்கள் கால் தடுக்காதபடி உயர்த்திக் கட்டவும் அல்லது காற்சட்டைக்கு மாறவும். மழைத்தூவானம் அடித்த பல்கனி வேண்டவே வேண்டாம்.

பாரத்துக்கு அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு. அது அரைக் கிலோ. பின்னர் ஒன்றரை லீட்டர் போத்தல், அது ஒன்றரைக் கிலோ. இழுப்பதற்கு விளையாட்டுப் பொருள் கடையில் விற்கும் ரப்பர் பட்டி வாங்கலாம். நீளவாக்கில் வெட்டிக் கழுவிய பழைய சைக்கிள் டியூப்பும் சரிவரும். வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

கொழும்பின் புழுக்கம் வருடம் முழுக்க உண்டு. காலை ஏழு மணிக்கு முன் அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பின் நல்லது. மின்விசிறி ஓடட்டும், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளர்கள் மட்டும் அந்த அளவைத் தாண்டக்கூடாது.

படி 5: ஆறு பயிற்சிகள்

முதலில் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து, கையையும் தோளையும் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள். குளிர்ந்த தசைக்குள் குழாய்கள் சுருங்கியிருக்கும், சூடானபின் விரியும்.

கதிரையிலிருந்து எழும்புதல். ஆறிலும் இதுதான் முக்கியம். உடம்பின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருப்பதால் இரத்த ஓட்டம் அதிகம் கூடுவதும் இதில்தான். கதிரையின் முன்விளிம்பில் உட்காருங்கள். பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னே சாய்ந்து, மூச்சை விட்டபடி எழும்புங்கள். முழுதாக நிமிருங்கள். மூச்சை எடுத்தபடி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து, மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக்கூடாது, மெதுவாக இறங்குவதில்தான் தசைக்குப் பாதி வேலை. முழங்கால் நோவென்றால் கதிரையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கையை ஊன்ற வேண்டியிருந்தால் ஊன்றலாம். கிழமை போகப்போக ஊன்றும் பலத்தைக் குறையுங்கள்.

சுவரைத் தள்ளுதல். சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கைகளை வைத்து, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய், மூச்சை விட்டபடி தள்ளி வாருங்கள். கஷ்டம் போதவில்லை என்றால் காலை இன்னும் பின்னால் வையுங்கள்.

குதிக்கால் உயர்த்துதல். குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு விரல்களில் உயர்ந்து, மெதுவாக இறங்குங்கள். கெண்டைக்கால் தசை இறுகும்போது காலில் தேங்கிய இரத்தம் மேலே தள்ளப்படும். பயிற்சி நேரம் மட்டுமல்ல, காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கிளினிக் வரிசையில் நிற்கும்போதும் இதைச் செய்யலாம். எழுந்ததும் தலை சுற்றுகிறவர்கள் எழும்பமுன் உட்கார்ந்தபடியே பத்துத் தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டினால் சுற்று குறையும்.

பட்டி இழுத்தல். யன்னல் இரும்புக் கம்பியில் பட்டியைச் சுற்றி, எதிரே கதிரையில் நிமிர்ந்து இருந்து, முழங்கையை விலாவை ஒட்டிப் பின்னால் இழுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளும் நெருங்குவது தெரியவேண்டும். கம்பி ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

போத்தல் தூக்குதல். கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கித் தோள்வரை கொண்டுவந்து இறக்குங்கள். தலைக்கு மேல் தூக்குவது பிரஷரைக் கூடுதலாக ஏற்றுவதால் முதல் இரண்டு மாதம் அதை விட்டுவிடுங்கள்.

பை நடை. இரண்டு துணிப்பைகளில் சமமாக இரண்டு கிலோ வீதம் போட்டு, நிமிர்ந்து, வீட்டு நடையில் ஒரு நிமிடம் நடவுங்கள். வெள்ளவத்தைச் சந்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனைக் கடையிலிருந்தோ பை தூக்கி வருவதும் இதே பயிற்சிதான். ஒரே பையை ஒரே கையில் தொங்கவிடாமல் இரண்டாகப் பிரித்துத் தூக்குங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பையை வாங்கிக்கொள்ளாதேங்கோ, பக்கத்தில் நடந்து வாருங்கோ.

படி 6: எவ்வளவு, எப்போது கூட்டுவது

கிழமைக்கு இரண்டு நாள். இடையில் குறைந்தது ஒரு நாள் விடவேண்டும். திங்களும் வியாழனும் வசதி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு நாளாவது தசைப்பயிற்சி வேண்டும் என்கிறது.

தொடக்கத்தில் ஒவ்வொன்றும் எட்டுத் தொடக்கம் பத்துத் தடவை, ஒரு சுற்று. ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒன்றிரண்டு நிமிட ஓய்வு. இரண்டு கிழமையில் இரண்டாவது சுற்றைச் சேருங்கள். பிறகு எண்ணிக்கையைப் பதினைந்துவரை கொண்டுபோங்கள். தொடர்ந்து இரண்டு நாள் பதினைந்தும் இலகுவாக வந்தால்தான் பாரத்தைக் கொஞ்சம் கூட்டவேண்டும். கூட்டிய அன்று எண்ணிக்கையைத் திரும்பப் பத்துக்குக் குறையுங்கள்.

கஷ்டத்தைப் பூச்சியத்திலிருந்து பத்துவரை அளப்பது நல்ல பழக்கம். சும்மா இருப்பது பூச்சியம், இனி முடியவே முடியாது என்பது பத்து. நீங்கள் ஐந்து அல்லது ஆறில் நிற்கவேண்டும். முடித்தபின் இன்னும் மூன்று நாலு தடவை செய்திருக்கலாம் என்று தோன்றவேண்டும். அடெனலோல், பிசோப்ரோலோல் போன்ற குளிசைகள் நாடித்துடிப்பை அடக்கி வைப்பதால் அவற்றை எடுப்பவர்கள் கைக்கடிகாரத்தில் காட்டும் துடிப்பை நம்பக்கூடாது. இந்தப் பத்துக் கணக்கே அவர்களுக்குச் சரி.

முடிந்த கையோடு பிரஷர் பார்த்துப் பயப்படாதீர்கள். அப்போது ஏறியிருப்பது இயல்பு. அதன்பின் சில மணிநேரம் வழமையைவிட இறங்கியிருப்பதும் இயல்பு. அதனால் முடித்தவுடன் சுடுதண்ணீரில் குளிப்பதும் சட்டென்று எழும்புவதும் வேண்டாம். நடப்பதை அறிய, பயிற்சி இல்லாத நாள் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து எழுதுங்கள். மாற்றத்தைத் தீர்மானிக்க இரண்டு மூன்று மாதமாவது கொடுக்கவேண்டும்.

படி 7: பாரத்துக்குப் பின் நடை

நடையை விடச் சொல்லவில்லை. கிழமைக்கு 150 நிமிடம் மிதமான வேகத்தில் நடப்பது பெருநாடிக்கு நல்லது. தசைப்பயிற்சி நாளில் முதலில் தசை, பிறகு நடை என்ற ஒழுங்கை நான் பரிந்துரைப்பேன். 2007இல் வந்த ஜப்பானிய ஆய்வொன்றில், பாரம் தூக்கியபின் ஓடியவர்களுக்குக் குழாய் விறைப்புக் குறைந்தது. தூக்கமுதல் ஓடியவர்களுக்கு அந்த மாற்றம் தெரியவில்லை. அது இளையவர்களிடம் நடந்த ஆய்வு. ஆனாலும் இந்த ஒழுங்கால் பெரியவர்களுக்குக் கேடு எதுவும் இல்லை; கடைசியில் மெதுநடையில் உடம்பு ஆறுவதும் நல்லது.

காலிமுகத்திடலிலும் விகாரமகாதேவி பூங்காவிலும் சுதந்திர சதுக்கத்து நடைபாதையிலும் தரை சீராக இருக்கும். மரைன் டிரைவில் கடற்காற்று வாங்கியபடி நடக்கலாம், வாகனத்தைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் தொடர்மாடியின் உள்நடையே போதும்.

படி 8: சுவரில் சாய்ந்து அரை இருக்கை, மூன்றாம் மாதத்துக்குப் பின்

மேலே சொன்ன 2023ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில் பிரஷரை அதிகம் குறைத்தது அசையாமல் தாங்கி நிற்கும் பயிற்சிதான்: சராசரியாக 8 அளவு. ஆய்வுகளில் பெரும்பாலும் இரண்டு நிமிடம் தாங்கி, ஓய்வெடுத்து, மொத்தம் நான்கு தடவை, கிழமைக்கு மூன்று நாள் செய்கிறார்கள். இதைப் படித்துவிட்டு இன்றே சுவரில் சாய வேண்டாம். தாங்கி நிற்கும் நேரம் முழுக்கப் பிரஷர் ஏறிக்கொண்டே போகும், விட்டபின்தான் இறங்கும். ஆகவே பிரஷர் கட்டுப்பாட்டில் உள்ளவர்கள், இதய நோய் இல்லாதவர்கள், முன்னைய பயிற்சிகளை மூன்று மாதம் பழகியவர்கள் மட்டும், டொக்டரிடம் கேட்டபின் தொடங்கலாம். முதுகைச் சுவரில் வைத்து, முழங்கால் கொஞ்சமே மடியும் அளவுக்கு வழுக்கி இறங்கி, இருபது நொடி தாங்குங்கள். பக்கத்தில் கதிரை இருக்கட்டும். தாங்கும் நேரம் முழுக்கப் பேசிக்கொண்டே இருங்கள்.

குளிசை, சாப்பாடு, விரதம்

பிரஷர் இறங்கிவிட்டது என்று குளிசையை நீங்களாக நிறுத்தவோ பாதியாக உடைக்கவோ கூடாது. குறிப்பைக் காட்டுங்கள், டொக்டர் குறைக்கட்டும்.

இன்சுலினோ, கிளிக்ளசைட், டொல்பியூட்டமைட் போன்ற சீனிக் குளிசைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக்கூடாது. சீனி 90க்குக் குறைவாக இருந்தால் முதலில் ஏதாவது மாப்பொருள் சாப்பிடுங்கள். கந்தசஷ்டி விரத நாட்களிலும் ரமழான் நோன்பு காலத்திலும் தசைப்பயிற்சியை விரதம் முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அல்லது பாதியாகக் குறைக்கலாம்.

தசை வளரப் புரதம் வேண்டும். காலையில் பாணும் சம்பலும், மதியம் ஒரு மலைச் சோறும் ஒரு கரண்டிப் பருப்பும் என்றால் போதாது. வயது போனவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. மீன், முட்டை, பயறு, கடலை, தயிர் எல்லாவற்றையும் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் தங்கள் டொக்டர் சொன்ன அளவோடு நிற்கவும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் குறையட்டும்: ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குக் கீழே இருக்கவேண்டும்.

எப்போது நிறுத்துவது

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ ஓடும் நோ, குளிர்ந்த வியர்வை, வழமைக்கு மாறான மூச்சு முட்டல் என்றால் அந்தக் கணமே நிறுத்தி உட்காருங்கள். வாய் ஒருபக்கம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ ஒரு கை விழுந்தாலோ நேரத்தை வீணாக்காமல் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். முச்சக்கரவண்டி தேடி ஓட வேண்டாம்.

நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுப்போகுமானால் காலின் நாடி அடைபட்டிருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை உருவவும் கூடாது, பயிற்சியும் கூடாது, அன்றே காட்டவேண்டும். அடுத்த நாள் தொடையில் வரும் உளைச்சல் மட்டும் பயப்பட வேண்டியதல்ல. இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

இடையில் விட்டுவிட்டால்

காய்ச்சல், டெங்கு, கல்யாண வீடு, யாழ்ப்பாணப் பயணம் என்று பயிற்சி விடுபடத்தான் செய்யும். ஒரு கிழமை விட்டால் பழைய அளவிலேயே தொடரலாம். இரண்டு மூன்று கிழமை விட்டால் பாரத்தையும் எண்ணிக்கையையும் பாதியாக்கித் தொடங்கி, இரண்டு கிழமையில் பழைய இடத்துக்கு வாருங்கள். காய்ச்சல் உள்ளபோது செய்யவே கூடாது. டெங்குவில் இருந்து எழும்பியவர்கள் களைப்பு முழுதாகத் தீர்ந்து, டொக்டர் சரியென்று சொல்லும்வரை வீட்டுக்குள் நடப்பதோடு நிற்கவும். வைத்தியசாலையில் தங்கி வந்தவர்கள் படி 2இலிருந்து மறுபடி தொடங்குங்கள். குளிசை மாறியிருக்கும், நிற்கும்போது பிரஷர் விழும் அளவும் மாறியிருக்கும். அதனால் கதிரைப் பயிற்சிக்கு முதல், நின்று பார்க்கும் அந்த இரண்டு அளவுகளையும் கட்டாயம் எடுங்கள்.